அடியும் நிலையும்

பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில், கோடைக்கானல் செல்லும் வழியில் அமைந்த ஊர் வத்தலக்குண்டு. மலை நிலத்தொடு பொருந்தும் இடம் அடிவாரம். மரத்தைத் தாங்கும் பகுதி அடிமரம். உடலைத் தாங்கும் பாதமும் அடியே. தாங்குவது எதுவோ அதனை அடி என்றனர் தமிழர். உடலின் சமநிலைக்கு அடியைப் பயிற்றும் முறை யோகத்திலும் போர்க்கலையிலும் எங்ஙனம் அமைந்தது என்பது ஈண்டு ஆராயப்படும்.

நின்று செய்யும் ஆசனங்கள் யாவும் பண்டை யோக நூல்களிலேயே உள்ளன என்று இக்காலத்தார் பலர் கருதுவர். அக்கருத்து ஆராய்ச்சிக்குரியது. ஆதனம் என்பதற்கு இருக்கை என்பதே பொருள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் கூறும் பத்திரம், கோமுகம், பங்கயம் முதலியன அமர்ந்து செய்வன. அவற்றுள் அடிகள் உடலைத் தாங்குவன அல்ல, மடங்கி ஒடுங்குவன. ஒற்றைக் காலில் நிற்றல் தவத்தின்பாற்பட்டது. ஏழாம் நூற்றாண்டு மாமல்லபுரச் சிற்பத்தில், கைகளை உயர்த்தி ஒரு காலில் நிற்கும் தவசியைக் காண்கிறோம்.

நின்ற அடியை வகைப்படுத்தி ஆராய்ந்தவர் போர்மறவரே. வில்லோர் நிலை நான்கு என்று நிகண்டுகள் கூறும். ஒரு காலில் நின்று மற்றதை முடக்குவது பைசாசம். இரு கால்களையும் வளைத்து நிற்பது மண்டலம். ஒன்றை மடித்து ஒன்றை நீட்டுவது ஆலீடம். அதனையே கால் மாற்றிச் செய்வது பிரத்தியாலீடம். பெயர்கள் வடசொல்லாயினும், நான்கினையும் தொகுத்துச் சுட்டும் 'நிலை' என்னும் சொல் தமிழே. இவை நான்கும் கையால் அன்றிக் காலால் வேறுபடுதல் கருதத்தக்கது. போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடும் சாத்தந்தையாரும், ஒரு கால் மல்லன் மார்பில் பொருந்த மறுகால் பின்னின்று அவன் சூழ்ச்சியைத் தடுத்ததையே விளங்கக் காட்டுகின்றார் (புறம். 80).

சிலம்பத்தில் மாணாக்கன் கோல் சுழற்றுமுன் காலடி பயில்வதும் இம்மரபை ஒத்ததே. கண் எதிரியின் கோல்மேல் இருத்தலின், அடி தன்னைத் தானே அறிதல் வேண்டும். இஃது உடலியலுக்கும் ஒத்தது. கண்ணும் உட்செவியும் போலவே, உள்ளங்காலின் தோலும் கணுக்காலின் தசைகளும் உடற்சாய்வை மூளைக்கு அறிவிக்கின்றன. கண்ணை மூடி ஒரு காலில் நிற்பார், அடியின் அறிவே தம்மைத் தாங்குதலை உணர்வர்.

பழனிமலைச் சாரலை அடுத்த விருப்பாட்சியில் கோபால நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்தார், 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டிலேயே பாளையங்களில் படைக்கலம் தரித்தல் தடுக்கப்பட்டது. வாளையும் வேலையும் பறிக்க இயன்றது. காலடியைப் பறிக்க இயலவில்லை. படைக்கலம் இன்றியும் பயிலக்கூடியது அஃதொன்றே.

1934இல் மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் வெளியிட்ட 'யோக மகரந்தம்' நின்று செய்யும் ஆசனங்களையும் விரித்துரைத்தது. இருபதாம் நூற்றாண்டில் இவை உலகெங்கும் பரவின. இவை போர்மறவர் நிலைகளிலிருந்து நேரே பிறந்தன என்று யாம் துணியவில்லை. எனினும், இருக்கையையும் நிலையையும் வேறுபடுத்திய பழந்தமிழ் வழக்கைக் கைவிட்டு இரண்டையும் ஆசனம் என ஒன்றாக்கின், நின்ற அடியைப் பயிற்றிய மறவரின் பங்கு வரலாற்றினின்று மறைந்துபோகும். அவ்வேறுபாட்டைப் போற்றுதல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.