காரைக்கால் இருப்புப்பாதையும் பழைய எல்லைக்கோடும்

புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், நோணாங்குப்பம் ஆகிய ஊர்களின் வழியே சுண்ணாம்பாற்றைக் கடந்து கடலூர்க்குச் செல்லும் நெடுஞ்சாலை உண்டு, இருப்புப்பாதை இல்லை. புகைவண்டியில் செல்வோர் மேற்கே விழுப்புரத்தை அடைந்து, பின்னர்க் கடலூர் நோக்கித் திரும்புதல் வேண்டும். இவ்வின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. இதனை விளக்கும் காரணமே காரைக்கால் நிலையம் வண்டியற்றுக் கிடந்தமையையும் விளக்கும் என்பது எம் கருத்து.

பிரெஞ்சுப் பகுதிகளுள் புதுச்சேரி 1879-இல் விழுப்புரத்தோடும், காரைக்கால் 1898-இல் பேரளத்தோடும் இணைக்கப்பட்டன. பேரளம், தஞ்சை மாவட்டக் கழகம் 1894-இல் திறந்த மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதையில் உள்ளது. அங்கிருந்து காரைக்கால் ஏறத்தாழ 23 கி.மீ. திருநள்ளாறு இடைப்பட்ட நிலையம். சனி வழிபாட்டிற்கு வருவோர்க்கு அஃது உதவிற்று. இரு பாதைகளும் உள்நாடு நோக்கிச் சென்றனவேயன்றி, கடற்கரை ஊர்களை ஒன்றோடொன்று பிணிக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ள நாகூர், நாகப்பட்டினத்தோடு இருப்புப்பாதையால் இணைந்திருந்தது. வடக்கே தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து 1926-இல் பாதை வந்தது. ஆக, அண்மையில் அமைந்த மூன்று கடற்கரை ஊர்களில் மூன்று பாதைகள் தனித்தனியே முடிவுற்றன. அவற்றிற்கு இடையே ஆங்கில, பிரெஞ்சு ஆட்சிகளின் எல்லை கிடந்தது. இருவேறு அரசுகளின் இசைவும் சுங்கச் சோதனையும் வேண்டப்பட்ட அந்நிலையில், பாதைகளை நீட்ட ஊக்கம் பிறவாமை இயல்பே.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1962-இல் அம்மாற்றம் சட்டமுறையில் நிறைவெய்தியது. எல்லை நீங்கியும் எல்லை வகுத்த பாதைகள் மாறவில்லை. தரங்கம்பாடிப் பாதை 1986-இல் மூடப்பட்டது. காரைக்கால் பாதையும் அப்பத்தாண்டின் இறுதிக்குள் நின்றது.

பேருந்துப் போட்டியே இவற்றை வீழ்த்திற்று என்பாருளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது முழு விளக்கமாகாது. பேருந்து எல்லாப் பாதைகளோடும் போட்டியிட்டது. அப்பால் தொடராது ஒரே ஊரில் முடியும் கிளைப்பாதையோ, அவ்வூரின் வருவாயை மட்டுமே நம்பி நிற்கும். ஆகலின் அது முதலில் வீழும். புதுச்சேரிப் பாதையும் அத்தகையதாயினும் பிழைத்ததே எனின், தலைநகரின் மக்கட்பெருக்கமும் வாணிகமும் அதனைத் தாங்கின என்க. காரைக்காலுக்கு அத்துணை வலிமை இல்லை.

இக்கருத்திற்குப் பின்னைய வரலாறும் சான்று பகர்கின்றது. இருபதாண்டுகளுக்கு மேல் வண்டியற்றிருந்த காரைக்காலுக்கு 2011 டிசம்பரில் மீண்டும் புகைவண்டி வந்தது. அது வந்த வழி பேரளம் அன்று, நாகூர். பழைய எல்லை மறித்திருந்த திசையிலேயே புதிய பாதை திறந்தது. பேரளத் தடமும் பின்னர் அகலப்பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது. முடிவிடமாய் இருந்த ஊர் இதனால் வழியிடை ஊராகும் வாய்ப்புப் பெற்றது.

கைவிடப்பட்ட நிலையங்களின் வரலாற்றை ஆராய்வோர் இறுதி வண்டி சென்ற நாளை மட்டும் நோக்குதல் போதாது. தண்டவாளம் எவ்விடத்தில், யாது பற்றி முடிவுற்றது என்பதனையும் நோக்குதல் வேண்டும். காரைக்கால் நிலையத்தின் வீழ்ச்சிக்குரிய வித்து, அது திறக்கப்பட்ட 1898-ஆம் ஆண்டின் நிலப்படத்திலேயே இருந்தது. நோணாங்குப்பத்துச் சாலையருகே இன்றும் இருப்புப்பாதை இல்லாமை, அந்நிலப்படம் முற்றும் அழியவில்லை என்பதனைக் காட்டுகின்றது.