நிறைமாசமும் மஸ்டர் ரோலும்

நான் பிறந்த அன்று என் அம்மா அரைநாள் வேலை பார்த்திருக்கிறாள். இதை அவள் பெருமையாகவும் சொல்ல மாட்டாள், குறையாகவும் சொல்ல மாட்டாள். "அன்னிக்கு அரைக்கூலிதான் குடுத்தாங்க" என்று கணக்கு மட்டும் சொல்லுவாள். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், ஊர்த்தெரு ஆண்டை ஒருத்தர் கழனியில் நடவு. பொழுது உச்சிக்கு ஏறும்போது இடுப்பு வலி கண்டிருக்கிறது. கையிலிருந்த நாத்து முடியை நட்டு முடித்துவிட்டுத்தான் கரையேறியிருக்கிறாள். சேரிக்கு நடத்திக் கூட்டிவந்தது ஆயா. ஆயாவுக்கும் அன்றைக்கு அரைக்கூலி. ஒரு பேறுகாலத்துக்கு ரெண்டு ஆள் கூலி போச்சு என்று ஆயா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

எம்.ஏ. தமிழ் படித்தபோது பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்று மனப்பாடம் செய்தேன். முதல் பருவம் காப்பு. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிறப்பதற்கு முந்தைய மாசங்களுக்கு இலக்கணத்தில் பருவம் கிடையாது. அந்த மாசங்களில் தாய் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் பெண்களுக்கு இருந்த ஒரே விடுப்பு தாய்வீடு. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். நிலம் உள்ள வீடுகளில் அது உண்மையிலேயே ஓய்வுதான். சேரியில், மகளை உட்காரவைத்துச் சோறு போட வேண்டுமானால் தாய்க்காரி ரெண்டு ஆள் வேலைக்குப் போக வேண்டும். நாலு நாள் பார்த்துவிட்டு மகளே "நானும் வரேம்மா, களை வெட்டத்தானே" என்று கிளம்பிவிடுவாள். என் அம்மா கிளம்பியது அப்படித்தான். சம்பளம் இல்லாத விடுப்பு எங்களுக்கு விடுப்பே ஆகாது, பட்டினிதான்.

சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சு உலக அளவில் எழுந்தது 1919-இல். வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பேறுகாலத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம் என்று ஒரு உடன்படிக்கை செய்தது. ஆலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் மட்டுமான உடன்படிக்கை அது. கழனி அதில் இல்லை. அதையும்கூட இந்தியா ஏற்கவில்லை. 1924-இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதாவும் தோற்றுப்போனது.

பிறகுதான் பம்பாய். அங்கே 1928-இல் சட்டமன்றத்துக்குப் பேறுகால உதவி மசோதா வந்தது. முதலாளிமார் தரப்பின் வாதங்கள் இன்றைக்கும் அப்படியே புழக்கத்தில் இருக்கின்றன: செலவு தாங்காது, இப்படிச் சட்டம் போட்டால் பொம்பளைகளை வேலைக்கே எடுக்க மாட்டோம். ஜூலை மாதம் அந்த விவாதத்தில் அம்பேத்கர் எழுந்து பேசினார். அப்போது அவர் நியமன உறுப்பினர். மகாடில் தண்ணீர் குடித்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் சார்ந்த விசயம், ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருந்தால் முதலாளிகள் கை தட்டியிருப்பார்கள். அவர் விடவில்லை. ஆம்பளையை வைப்பதைவிடப் பொம்பளையை வைத்தால் லாபம் அதிகம் என்று கணக்குப் பார்த்துத்தானே சில தொழில்களில் பெண்களை வேலைக்கு வைக்கிறார்கள், அந்த லாபத்தை அனுபவிக்கிறவருக்கு அவளுடைய பேறுகாலத்திலும் பங்கு உண்டு என்று கேட்டார்.

இந்த வாதத்தை நம் தோழர்கள் நின்று படிக்க வேண்டும். தாய்மை புனிதம், தாய் தெய்வம் என்கிற பேச்சு இதில் இல்லை. பெண்ணின் கூலி குறைவு, அந்தக் குறைவில் ஒருத்தன் சம்பாதிக்கிறான் என்ற கூலிக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 14-ஆம் தேதி மேடைகளில் இடஒதுக்கீட்டையும் அரசியல் சட்டத்தையும் பேசுகிற நம் ஆண் தோழர்கள் 1928 ஜூலையைப் பேசி நான் கேட்டதில்லை. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்களும் ஜோஷியோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

1929-இல் பம்பாயில் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் 1934-இல் நிறைவேறியது. ரெண்டுமே ஆலைப் பெண்களுக்கு. அண்ணல் வாதாடிய சட்டமும் என் ஆயா நின்ற கழனிக்கு வரவில்லை. அவரைக் கும்பிட்டுவிட்டு இதைச் சொல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது.

1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு சுலோசனாபாய் டோங்ரே தலைமையில் கூடியது. மில், பீடி, நகராட்சி, ரயில்வே என்று தாங்கள் வேலை செய்த இடங்களைப் பேர் சொல்லி, வருசத்துக்கு 21 நாள் தற்செயல் விடுப்பு வேண்டும், வேலையில் காயம் பட்டால் ஈட்டுத்தொகை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். விடுப்பு என்பது படித்த உத்தியோகப் பெண்களின் கோரிக்கை என்று நினைப்பவர்களுக்காக இதைப் பதிவு செய்கிறேன். கூட்டுகிற பெண்ணும் பீடி சுற்றுகிற பெண்ணும் அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள்.

அதே மாதம் அம்பேத்கர் வைசிராய் சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். சுரங்கப் பேறுகால உதவிச் சட்டம் 1941-லேயே வந்திருந்தது. அதற்கு 1943-லும் 1945-லும் திருத்தங்கள் கொண்டுவந்தார். இடையில் ஒரு சங்கடம் உண்டு. போருக்கு நிலக்கரி வேண்டும் என்று 1943-இல் அரசாங்கம் பெண்களை மறுபடியும் சுரங்கத்துக்குள் இறக்கியது. அந்தத் தடை திரும்ப வந்தது 1946-இல்தான். உள்ளே இறங்கியது ஆதிவாசிப் பெண்களும் நம் சாதிப் பெண்களும். 1945 திருத்தம் அப்படி இறங்குகிற கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் காலம் ஒதுக்கியது. ஒரே அரசாங்கம்தான் இறக்கியது, ஏறி வர நாளும் கொடுத்தது. ரெண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நாடு முழுமைக்குமான பேறுகால உதவிச் சட்டம் 1961-இல் வந்தது. ஆலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கும் பன்னிரண்டு வாரம். அதில் பேறுகாலத்துக்கு முன்னால் ஆறு வாரம்வரை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய காலத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதற்கும் முந்தைய ஒரு மாசம் அவள் கேட்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கிற வேலையோ தரக்கூடாது. இந்தப் பிரிவை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிற்கிற வேலையைச் சொன்னவர்கள் குனிகிற வேலையைச் சொல்லவில்லை. நடவு, களை, அறுப்பு, கூட்டுவது எல்லாமே குனிகிற வேலை. சட்டம் எழுதியவர்களின் கண்ணுக்கு முன்னால் இருந்தவள் மெசின் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

சட்டம் ஒரு வாசற்படியும் கட்டியது: முந்தின பன்னிரண்டு மாசத்தில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 1988-இல் அதை 80 நாளாகக் குறைத்தார்கள். நாளை யார் எண்ணுவது, எதில் எழுதியிருப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் நடத்திய வழக்கைச் சொன்னால் இது விளங்கும்.

தோட்டங்களுக்குப் பஞ்சத்திலும் கடனிலும் கங்காணிகள் ஓட்டிக்கொண்டு போனவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். பேர் ஏட்டில் இருந்த இடம் என்றால் அதுதான். கழனியில் அதுகூட இல்லை. 1967 கடைசியில் அந்தப் பெண் பேறுகால விடுப்பு எடுத்தார். நிர்வாகம் பன்னிரண்டு வாரத்தை ஆறால் பெருக்கி 72 நாள் கூலி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தோட்டத்தில் கூலி இல்லை, வேலைக்கு வந்திருந்தாலும் அன்றைக்குச் சம்பாதித்திருக்க மாட்டாள், ஆகவே பன்னிரண்டு ஞாயிறையும் கழித்துவிட்டோம் என்றது. வாரத்துக்கு ஏழு நாள், ஆகவே 84 நாள் என்றார் அவர். கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு, உயர் நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றத்தில் 1977-இல் முடிந்தது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான் என்று தீர்ப்பு. இழந்த தெம்பை ஈடுகட்டவும் பிள்ளையைப் பேணவும்தான் இந்தச் சட்டம், ஆகவே அதை அவள் பக்கம் சாய்த்தே படிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்காக ஏறத்தாழப் பத்து வருசம். அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை, தீர்ப்பு வரும்போது அஞ்சாம் வகுப்புக்குப் போகிற வயசில் இருந்திருக்கும். அவர் சாதி என்ன என்று தீர்ப்பில் இல்லை, நானும் அதைத் தேடப்போவதில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வழக்கை முதலாளி தரப்பின் பேரால்தான் மனப்பாடம் செய்கிறார்கள். எண்பத்துநாலு என்று எண்ணிச் சொன்னவர் எதிர்மனுதாரர்களில் ஒருவராக உள்ளே கிடக்கிறார்.

தினக்கூலிப் பெண்களுக்கு இது பொருந்தாது என்று டில்லி மாநகராட்சி வாதாடியது. பள்ளம் தோண்டி ரோடு போட்ட மஸ்டர் ரோல் பெண்கள் அவர்கள். நிரந்தரப் பணியாளர் இல்லை என்பதுதான் காரணம். 2000 மார்ச் 8 அன்று, தற்செயலாகவோ என்னவோ பெண்கள் தினத்திலேயே, அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2017-இல் பன்னிரண்டு வாரம் இருபத்தாறு ஆனது. பேறுகாலத்துக்கு முன்னால் எட்டு வாரம்வரை எடுக்கலாம். ஏற்கெனவே ரெண்டு பிள்ளை இருந்தால் பழைய பன்னிரண்டுதான். 2025 நவம்பரில் 1961 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்தது; எண்பது நாள் வாசற்படி அங்கேயும் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2011-இல் ஆறு மாசம், 2016-இல் ஒன்பது மாசம், 2021 முதல் ஒரு வருசம். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை, நம் பிள்ளைகளும் சிலர் அதில் இருக்கிறார்கள்.

கூலிப் பெண்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி பேரில் உதவித்தொகை உண்டு. 2006-இல் ஆறாயிரம், 2011-இல் பன்னிரண்டாயிரம் என்று ஏறியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் தெருவில் பல பெண்கள் அந்தக் காசில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் அது உதவி. ஆளும் கட்சியைப் பொறுத்து கூடும், தவணை தள்ளிப்போகும். அம்மா கேட்டது உதவி இல்லை, மீதி அரைக்கூலி. நூறு நாள் வேலை 2006-இல் வந்தபோது எங்கள் சேரிப் பெண்கள் பலரின் பேர் முதன்முதலாக மஸ்டர் ரோலில் ஏறியது. சட்டம் போட்டு, அட்டை கொடுத்து, அரசாங்கமே எண்ணிய நாள்கள் அவை. அந்த வேலையில் பேறுகால விடுப்புக்கு ஒரு நாள் கூலியும் வைக்கவில்லை. மாசமான பெண்ணுக்கு இளசான வேலை கொடுங்கள் என்பதோடு சரி.

என் தம்பி பொண்டாட்டி ஒரு ஊரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. காலையில் அஞ்சரைக்கு மஸ்டர். ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி, "நாளையிலிருந்து வராதம்மா, புள்ள பொறந்ததும் வந்து பாரு" என்று சொல்லியிருக்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது. ஒப்பந்தக்காரர் வருசா வருசம் கம்பெனிப் பேரை மாற்றிக்கொள்வார், அதனால் அவள் எப்போதும் புதுசாகச் சேர்ந்தவள். எண்பது நாளுக்கு என்ன ஆதாரம் என்று உட்கார்ந்து யோசித்தோம்.

அம்மா ஒரு காலத்தில் கூலி பாக்கிக்காக மண்சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாள். அஞ்சு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஆண்டை வீட்டுக் கணக்கில் பதினேழு என்றால் எங்கள் சுவரில் பத்தொன்பது இருக்கும். சுவர் செல்லாது, நோட்டுதான் செல்லும்.

தம்பி பொண்டாட்டியின் போனில், தினமும் காலையில் குப்பை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தது. வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக வாட்சப் குழுவில் போடச் சொல்லி மேஸ்திரியே பழக்கியது. "அழிச்சிடலாம்னு இருந்தேன் அண்ணி, போன் நெறஞ்சி போச்சு" என்றாள். அம்மாவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். தேதியோடு 143 போட்டோ. அம்மா ரெண்டு முறை எண்ணினாள்.

அவற்றை அச்செடுத்து, மனுவோடு சேர்த்துப் போன மாசம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். அவளுக்கு இது எட்டாம் மாசம்.