மின்சிகரெட் தடை: தாமிரபரணிப் பகுதி

மின்சிகரெட் என்பது, பேட்டரிச் சூட்டில் ஒரு திரவத்தை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்யும் கருவி. இளைஞர்கள் இதை 'வேப்' என்கிறார்கள். திரவத்தில் பெரும்பாலும் நிகோட்டினும், மாம்பழம், புதினா போன்ற சுவையூட்டிகளும் கலந்திருக்கும். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய வடிவமே இன்றைய கருவிகளுக்கு மூலம். இந்தியாவில் இதைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும், இருப்பு வைப்பதும் 2019 முதல் குற்றம். தாமிரபரணியும் அதன் துணையாறான சிற்றாறும் பாயும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இந்தத் தடையைத் தனியே பார்க்கக் காரணம் உண்டு. மேற்கே பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்கள்; கிழக்கே கன்டெய்னர்கள் இறங்கும் துறைமுகம்.

தடை வந்த வழி

முதலில் மாநிலங்களே முனைந்தன. பஞ்சாப் 2013இலும், கர்நாடகம் 2016இலும், தமிழ்நாடு 2018இலும் தடை விதித்தன. மத்திய சுகாதார அமைச்சகம் 2018 ஆகஸ்டு 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. ஆனால் அந்த நடவடிக்கைகளின் அடித்தளம் பலவீனமானது. மருந்துச் சட்டத்தைக் கொண்டு தடுத்தால், 'இது மருந்தே இல்லையே' என்று வணிகர்கள் வழக்காடினார்கள். 2019 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசின் தடைச் சுற்றறிக்கை ஒன்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தனிச் சட்டம் இல்லாமல் ஆகாது என்பது அப்போது தெளிவாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அது 2019ஆம் ஆண்டின் 42ஆவது சட்டமானது.

தயாரித்தல், விற்றல், கடத்தல் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சேமித்து வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோட்டின் இல்லாத திரவமானாலும், மின் ஹூக்காவானாலும் விலக்கில்லை. மருந்துச் சட்டப்படி உரிமம் பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இச்சட்டம் புகைப்பவரைத் தண்டிக்கவில்லை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் புகைப்பதும்கூடக் குற்றம். அங்கே வேலைக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்தியச் சட்டம் வணிகத்தை மட்டுமே குறிவைப்பது சரியான தேர்வு. நிகோட்டினுக்கு அடிமையான பதினேழு வயதுப் பையனுக்கு வேண்டியது மருத்துவமே தவிர வழக்கு அல்ல. புகையிலையை விட விரும்புவோருக்கு 1800 11 2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.

துறைமுகமும் கடற்கரையும்

சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரம் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கு உண்டு. நெல்லை மாநகரில் காவல் ஆணையரகமும், ஊரகப் பகுதியில் மாவட்டக் காவல் துறையும் இந்தப் பொறுப்பைச் சுமக்கின்றன. இருந்தாலும் பெட்டிக்கடையில் பிடிபடும் நாலைந்து கருவிகள் இந்த வணிகத்தின் கடைசிக் கண்ணிதான். உலகின் மின்சிகரெட்டில் பெரும்பகுதி சீனாவின் ஷென்சென் நகரில் செய்யப்படுகிறது. பழச்சுவை மின்சிகரெட் விற்பனையைச் சீனா தன் நாட்டுக்குள் 2022 அக்டோபர் முதல் தடுத்துவிட்டது, ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. 2022 செப்டம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறத்தாழ 2 லட்சம் மின்சிகரெட்டுகளைக் கைப்பற்றியது. ஆயிரம் கடைகளைச் சோதித்தாலும் அத்தனை சிக்காது.

அதனால்தான் இப்பகுதியில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் சுங்கப் பணி முக்கியமானது. இந்தக் கடற்கரைக்கு வேறொரு கடத்தல் நெடுநாள் பழக்கம். பீடி இலை மூட்டைகள் இரவில் படகேறி மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கைக்குப் போகின்றன; தமிழ்நாட்டுக் காவல் துறையின் கியூ பிரிவினர் அடிக்கடி பிடிக்கிறார்கள். அது வெளியே போகும் சரக்கு. கரையோரக் காவலால் தடுக்கலாம். மின்சிகரெட் உள்ளே வரும் சரக்கு. வேறு பொருளின் பெயரில், ஒழுங்கான தாள்களோடு கன்டெய்னரில் வருவதைப் பிடிக்க, எக்ஸ்-ரே சோதனையும், இறக்குமதியாளரின் பழைய கணக்கைத் துருவும் கண்ணும் வேண்டும்.

இணையம் இன்னொரு வாசல். 2023 மே மாதம் மத்திய அரசு சட்டத்தை நினைவூட்டிப் பொது அறிவிப்பு வெளியிட்டது. ஜூலையில் 15 இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, மீறல்களைப் பொதுமக்கள் தெரிவிக்க ஓர் இணையவாயிலையும் திறந்தது. கூரியர் பொட்டலமாக வரும் கருவி பென் டிரைவ் போலவோ மார்க்கர் பேனா போலவோ இருக்கும். சிகரெட் வாடை அடிக்காது. பாளையங்கோட்டை போலத் தெருவுக்குத் தெரு பள்ளி கல்லூரிகள் நிறைந்த ஊரில் இது பெருங்கவலை. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்னும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தும். கைப்பேசிக்குள் இருக்கும் கடைக்கு அந்தத் தூரம் பொருந்தாது. மகனின் பையில் கிடப்பது என்னவென்று தாய்க்கும் ஆசிரியருக்கும் அடையாளம் தெரிந்தால் ஒழிய, காவல் துறைக்குத் தகவலே போகாது.

பீடி ஊர்களின் கேள்வி

2016-17இல் நடந்த உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மின்சிகரெட் பயன்படுத்திய பெரியவர்கள் 0.02 சதவீதம், ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தியவர்கள் 28.6 சதவீதம். நூறில் ஒரு பங்குகூட இல்லாததைத் தடுத்துவிட்டு, பெரியதை விட்டுவைப்பது ஏன் என்ற கேள்வி நாடாளுமன்ற விவாதத்திலேயே எழுந்தது. வேர்விடும் முன் பிடுங்குவது எளிது என்பதே தடையின் நியாயம். அது வலுவான நியாயம்தான்.

பழைய புகையிலையோ இங்கே ஆழ வேரோடியது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் என்று ஊர் ஊராகப் பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் சுற்றிப் பீடிக்கடையில் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், மகளிர் குழுக் கடனும் அந்தக் கூலியில்தான் அடைகின்றன. அவர்களுக்காக 2025 வரை 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் இருந்தது; 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டமும், முக்கூடலில் ஒரு மருத்துவமனையும் உள்ளன. நாள் முழுவதும் புகையிலைத் தூளை மூச்சில் ஏற்கும் இவர்களுக்கு மாற்று வேலை தராமல் பீடியை ஒழிப்பது கொடுமை. மாற்று வேலையே தேடாமல் இருப்பதும் கொடுமைதான். இதற்கிடையே, 2025 செப்டம்பர் 3 அன்று சரக்கு சேவை வரி மன்றம் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கான வரியை 18இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது.