சீழ்த்துணியில் கிடைத்தது

தொடவே கை கூசும் மூட்டை அது. அறுவை சிகிச்சை ஆன நோயாளிகளின் புண்ணிலிருந்து அவிழ்த்த கட்டுத்துணிகள், சீழில் ஊறி மஞ்சளித்துக் கிடக்கும். ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் 1868 கடைசியிலும் 1869 தொடக்கத்திலும் அந்தத் துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார் ஒருவர். பெயர் பிரெடரிக் மீஷர். சுவிட்சர்லாந்தின் பாசெல் ஊர்க்காரர், வயது 24.

டி.என்.ஏ. பிறந்த கதை என்றாலே 1953, வாட்சன், கிரிக் என்று ஆரம்பிப்பது வழக்கம். முறுக்கிய ஏணி என்ற வடிவம் புலப்பட்ட ஆண்டு அது. பொருள் மனிதர் கைக்குக் கிடைத்தது அதற்கு 84 வருஷம் முந்தி, இந்தச் சீழில்.

மீஷர் மருத்துவம் படித்தவர். அப்பா டாக்டர், தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் பேர்போன உடற்கூற்று அறிஞர். ஆனால் இளமையில் வந்த காய்ச்சல் காதை மந்தமாக்கிவிட்டது. நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டறிய முடியாத டாக்டர் என்ன செய்வது? உடம்பின் மர்மங்கள் கடைசியில் வேதியியலில்தான் அவிழும் என்று மாமன் நம்பினார். மருமகனும் அந்த வழியில் பெலிக்ஸ் ஹோப்பே-சைலரிடம் போய்ச் சேர்ந்தார். ஹீமோகுளோபினுக்கு அந்தப் பெயரை வைத்தவர் இவர்தான். ஆய்வுக்கூடம் இருந்தது குன்றின் மேல் நிற்கும் பழைய கோட்டையில். மீஷருக்குக் கிடைத்த இடம் அதன் சமையற்கட்டு. வளைந்த கூரை, தடித்த சுவர், ஆழத்தில் பதிந்த ஜன்னல்.

அவர் தேடிப் போனது புரதத்தை. செல் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அதற்கு எளிய செல் வேண்டும், நிறையவும் வேண்டும். ரத்தத்தின் வெள்ளணுக்கள் தோது. நிணநீர்க் கட்டிகளிலிருந்து எடுத்துப் பார்த்தார், போதவில்லை. சீழில் அவை குவியல் குவியலாக இருந்தன. கிருமிநாசினிப் பழக்கம் அப்போதுதான் மெல்லப் பரவத் தொடங்கியிருந்ததால் புண் என்றால் சீழ் பிடிக்கும் காலம், சரக்குக்குப் பஞ்சமில்லை. அதிலும் அழுகல் வாடை வந்த துணியை ஒதுக்கிவிடுவார். நாற்றத்திலும் தரம் பிரித்த மனிதர்!

செல்களைத் துணியிலிருந்து பிரிப்பதே பெரும் பாடு. சில உப்புக் கரைசல்களில் அலசினால் எல்லாம் ஊதிப்போய்க் கொழகொழவென்று கூழாகிவிடும். சோடியம் சல்பேட் கரைசல்தான் கைகொடுத்தது. செல்கள் முழுசாகக் கழன்று பாத்திரத்தின் அடியில் படிந்தன.

அவற்றிலிருந்து எடுத்த கரைசலில் அமிலம் விட்டபோது ஏதோ ஒன்று திரிந்து வந்தது. காரம் விட்டால் கரைந்தது. மறுபடி அமிலம், மறுபடி திரிந்தது. தெரிந்த எந்தப் புரதமும் இப்படி நடந்துகொள்வதில்லை. செல்லின் உட்கருவிலிருந்து வருகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். உட்கருவைத் தனியே எடுத்துப் பார்க்க, பன்றியின் இரைப்பையை அமிலத்தில் ஊறவைத்து பெப்சினை இறக்கினார். நாம் தின்ற கறியைச் செரிக்கவைக்கும் அதே சாறு. அதில் செல்களைப் போட்டதும் புரதமெல்லாம் கரைந்துபோய் உட்கருக்கள் அடியில் சாம்பல்நிறத் தூளாக நின்றன. கொழுப்பை ஈதர் கழுவிக்கொண்டுபோனது. பெப்சினுக்கும் மசியாத அந்தப் பொருளை எரித்துச் சோதித்தார். புரதத்தில் இருக்கும் கந்தகத்தைக் காணோம். பாஸ்பரஸ் மட்டும் வழக்கத்துக்கு மீறி மிகுதி.

1869 பிப்ரவரியில் மாமனுக்குக் கடிதம் எழுதினார். உட்கருவுக்கு லத்தீனில் நியூக்ளியஸ். அதிலிருந்து பொருளுக்கு ‘நியூக்ளியின்’ என்று பெயரிட்டார்.

ஹோப்பே-சைலர் உடனே நம்பவில்லை. தானே எல்லாச் சோதனைகளையும் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, 1871-ல்தான் தன் இதழில் கட்டுரையை வெளியிட்டார். சீடனின் பேரைக் கெடுக்கும் தாமதம் என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 24 வயதுப் பையன் உயிருக்குள் புது வகைப் பொருள் இருக்கிறது என்று வந்து நின்றால், நல்ல வாத்தியார் வேறென்ன செய்வார்?

பாசெலுக்குத் திரும்பிய மீஷருக்கு அங்கே சீழைவிட நல்ல சரக்கு காத்திருந்தது. முட்டையிட ரைன் நதியில் ஏறிவரும் சால்மன் மீன்கள். ஆண் மீனின் விந்தணுவில் தலை முழுக்க உட்கருதான். சூடு பட்டால் பொருள் கெட்டுவிடும். அதனால் குளிர்காலத்தில் விடியுமுன்பே, நெருப்பு மூட்டாத அறையில் உட்கார்ந்து வேலை. அந்தப் பொருள் கையிலிருந்தும் அதன் வேலை அவருக்குப் பிடிபடவில்லை. கருவுறுதலுக்குக் காரணம் ஒரே பொருள்தான் என்றால் முதலில் நியூக்ளியினைத்தான் நினைக்க வேண்டும் என்று 1874-ல் எழுதியவர், அந்த எண்ணத்தை அவரே நம்பாமல் விட்டுவிட்டார். வாசற்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிய இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையில் மனசு கனக்கும் இடம். 1895-ல் டாவோஸில் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 51.

நியூக்ளியினை மற்றவர்கள் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1889-ல் ரிச்சர்ட் ஆல்ட்மன் புரதம் நீங்கிய பொருளை ‘நியூக்ளிக் அமிலம்’ என்றார். ஹோப்பே-சைலரிடமே பயின்ற ஆல்பிரெக்ட் கோசல் அதற்குள் இருக்கும் காரப் பொருட்களை ஆராய்ந்து 1910-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் காரங்களின் பெயர்களில் ஆய்வுக்கூடத்து வாடை இன்னும் போகவில்லை. கன்றின் தைமஸ் சுரப்பியில் கிடைத்தது தைமின். உரமாக விற்ற கடற்பறவை எச்சத்துக்கு குவானோ என்று பெயர். அதில் முதலில் அகப்பட்டது குவானின்.

பரம்பரைச் செய்தியைச் சுமப்பது இந்த நியூக்ளிக் அமிலமே, அதாவது டி.என்.ஏ.வே என்று ஆஸ்வால்ட் ஏவரியும் கூட்டாளிகளும் நிமோனியா பாக்டீரியாவைக் கொண்டு காட்டியது 1944-ல். அப்போதும் பலர் புரதத்தின் பக்கமே நின்றார்கள்.

டூபிங்கன் கோட்டையின் அந்தச் சமையற்கட்டு இப்போது அருங்காட்சியகம். மீஷர் பிரித்தெடுத்த பொருள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இன்றும் டூபிங்கனில் இருக்கிறது. சால்மன் விந்திலிருந்து எடுத்த நியூக்ளியின் என்று ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் அவர் பெயர்.