கையா, கருத்தா?

சதுரங்கப் பலகையின் முன் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் காயை நகர்த்தும் வரையில் மற்றவர் கைகட்டிக் காத்திருக்கிறார். போர்க்களத்தில் அவ்வாறு காத்திருப்பார் எவருமிலர். சேனாபதி சிந்தித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே எதிரியின் குதிரைப்படை ஆற்றைக் கடந்துவிடும். போரை ஆட்டமாக்க முற்பட்டோர் அனைவரையும் நெடுங்காலம் வாட்டிய குறை இதுவே.

1824ஆம் ஆண்டில் பிரஷ்ய இராணுவ அதிகாரியான வொன் ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டார். அதில் கட்டங்கள் வரைந்த பலகை இல்லை. உண்மையான நிலப்படம் இருந்தது. இரு தரப்பாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்க, பகைவன் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு வந்த பின்னரே அவர் அவனுடைய படையைப் படத்தில் வைத்துக் காட்டுவார். ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடப் போருக்குச் சமமெனக் கொள்ளப்பட்டது. ஆயின், அந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கிட்டு முடிக்க அதனினும் மிகுந்த நேரம் பிடித்தது. தாயக்கட்டையையும் அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு நடுவர் திணறினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் விதிகளைக் குறைத்து, நடுவரின் அநுபவத்துக்கே தீர்ப்பை விட்டுவிடும் முறை எழுந்ததற்கு இத்தாமதமும் ஒரு காரணமாகும்.

சலிப்பும் களைப்பும் அறியாத நடுவர் கிடைத்தது கணினி வந்த பின்னரே. 1992இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்த வெஸ்ட்வுட் நிறுவனம் ‘டியூன் 2’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய நாவலின் பாலைவனக் கோளே அதன் களம். மணலில் விளையும் அரும்பொருளை வண்டிகள் அள்ளி வரும். அதை விற்ற பணத்தால் தொழிற்சாலையும் படையும் எழும். அதே வேளையில் பகைவனும் அவ்வாறே செய்துகொண்டிருப்பான். ஒருவர் முறை, மற்றவர் முறை என்பது கிடையாது. கடிகாரம் எவருக்காகவும் நிற்காது. இவ்வகைக்கு ‘நிகழ்நேர வியூகம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான பிரெட் ஸ்பெரி. இவ்வினத்தின் முதல் ஆட்டம் எது என்பதிலும் வழக்கு உண்டு. 1989இல் ஜப்பானில் வெளியான ‘ஹெர்ட்ஸொக் ஸ்வை’ என்பதே மூத்தது என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால் பின்வந்தோர் பார்த்துப் பழகிய ஏடு டியூன்தான்.

‘டியூன் 2’இல் ஒரு வேளையில் ஒரு படைப்பிரிவுக்கு மட்டுமே கட்டளையிட முடியும். பத்து வண்டிகளை முன்னே செலுத்தப் பத்து முறை கட்டளையிட வேண்டும். 1994இல் பிளிஸ்ஸர்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ‘வார்கிராப்ட்’ நான்கு வீரரை ஒருங்கே தெரிவுசெய்ய இடந்தந்தது. அதே நிறுவனத்தார் 1998இல் வெளியிட்ட ‘ஸ்டார்கிராப்ட்’ அதனைப் பன்னிரண்டாக்கியது. ஏன் பன்னிரண்டு? ஏன் நூறு கூடாது? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவிலிருந்துதான் இவ்வாட்டங்களைப் பற்றிய பெரும் விவாதம் கிளைத்தது.

ஒரு சாரார் கூறுவது இது: வியூகம் என்பது அறிவின் தொழில். எங்கே தாக்குவது, எதைக் காப்பது, எப்பொழுது பின்வாங்குவது என்று தீர்மானிப்பதே ஆட்டம். விரல் வேகத்துக்கு அதில் என்ன வேலை? இவர்கள் 1997இல் கிறிஸ் டெய்லர் வடிவமைத்த ‘டோட்டல் அனைஹிலேஷன்’ என்ற ஆட்டத்தை உயர்த்திப் பேசுவர். கட்டளைகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் களத்தை நோக்க அது வழி செய்தது. அவரே 2007இல் வெளியிட்ட ‘சுப்ரீம் கொமாண்டர்’, ஒரு தனி வீரனிலிருந்து முழுக் களம் வரையில் ஒரே பார்வையில் விரிந்து காட்டியது. பரந்த சேனையை ஆறுதலாக இருந்து நடத்த விரும்புவோர்க்கு இவ்விரண்டும் உகந்தவை.

மற்றைச் சாராரோ, கை வேகத்தை நீக்கிவிட்டால் போரின் நெருக்கடியே நீங்கிவிடும் என்பர். ஆட்டக்காரனின் கவனமும் ஒரு செல்வமே. நெல்லைப் போல, பொன்னைப் போல, அதையும் எங்கே செலவிடுவது என்று அவன் தெரிந்தாக வேண்டும். பன்னிருவர் என்ற வரம்பு அச்செல்வத்தை அருமையாக்குகிறது. ஸ்டார்கிராப்டின் இரண்டாம் பாகம் 2010இல் வெளியானபோது வரம்பு எடுபட்டது. பழைய இரசிகர் பலர் அதனை வளர்ச்சியாகக் கொள்ளவில்லை.

இரண்டாவது சாராருக்குச் சான்றாக நிற்பது தென்கொரியா. 1997இன் பொருளாதார நெருக்கடியில் அங்கே பலர் வேலை இழந்தனர். அதனையடுத்து ‘பீசீ பாங்’ எனும் வாடகைக் கணினி நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அவற்றில் இளைஞர் விரும்பி ஆடியது ஸ்டார்கிராப்ட். 2000ஆம் ஆண்டளவில் ஆட்டங்களுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றும், ஆட்டக்காரர்க்கெனச் சங்கமொன்றும் தோன்றின. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஓர் இலட்சம் பேர் திரண்டதாகச் செய்திகள் வெளியாயின. கட்டாய இராணுவ சேவைக்குச் சென்ற ஆட்டக்காரருக்காக 2007இல் விமானப் படையே ஓர் அணியை அமைத்தது. தேர்ந்தோரின் கைகள் நிமிடத்துக்கு 300 செயல்களுக்கு மேல் ஆற்றின.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 2001இன் திருத்தத்துக்குப் பின்னர் நிறுவனத்தார் மூன்று இனப் படைகளின் வலிமையில் கை வைக்கவில்லை. ஓரினம் ஓங்கும்போதெல்லாம் அதைச் சமன் செய்தவர்கள் புதுக் களங்களை வரைந்தோரும், புது உபாயங்களைக் கண்ட ஆட்டக்காரருமே. நல்ல ஆட்டம் எது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அந்த அரங்கத்துக்கு இருண்ட பக்கமும் இருந்தது. இளம் பிராயத்தில் பள்ளியை விட்டுப் பயிற்சியில் புகுந்தோர் பலர். வெற்றியும் ஊதியமும் கண்டோர் சிலர். சூதாடுவோர் அவர்களை அணுகினர். 2010இல் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்றமை வெளிப்பட்டு, பதினொரு ஆட்டக்காரர் வாழ்நாள் முழுதும் தடைசெய்யப்பட்டனர். அவர்களுள் அக்காலத்தின் தலைசிறந்த வீரனும் ஒருவன். அவன் கையில் குறையில்லை, கருத்திலும் குறையில்லை.

புதிதாய்த் தொடங்குவோருக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. அவர்களுக்கு 1999இல் வெளியான ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தையே பெரும்பாலோர் பரிந்துரைப்பர்; அதில் நியாயமும் உண்டு. ஆடு மேய்த்து, மரம் வெட்டி, பொன்னும் கல்லும் தோண்டி, இருண்ட காலத்திலிருந்து பேரரசுக் காலம் வரை ஒரு குடியை உயர்த்தும் அவ்வாட்டத்தில் போர் வருமுன் ஊர் எழுகிறது. அதை ஆக்கிய நிறுவனம் 2009இல் மூடப்பட்டது. ஆட்டம் மாளவில்லை. இரசிகர் தாமே இயற்றிய விரிவொன்று திருத்தம் பெற்று 2013இல் முறைப்படி வெளியாயிற்று. 2022இல் வந்த மற்றொரு விரிவில் திராவிடர் என்ற குடியும், உருமி ஏந்திய வீரரும், இராசேந்திர சோழன் கதையும் இடம்பெற்றன.

கையா, கருத்தா என்ற வழக்கு 2019இல் எதிர்பாராத மன்றமொன்றை அடைந்தது. டீப்மைன்ட் நிறுவனத்தின் ‘அல்ஃபாஸ்டார்’ என்ற கணினிச் செயலி, ஸ்டார்கிராப்டின் இரண்டாம் பாகத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் இருவரைத் தலா ஐந்து ஆட்டங்களில் வென்றதென அவ்வாண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. உடனே மறுப்பு எழுந்தது. சராசரியில் அதன் வேகம் மனிதரின் வேகத்தை மிஞ்சவில்லை. ஆனால் நெருக்கடியான கணங்களில் எந்த மனிதக் கையாலும் இயலாத வேகத்தில், ஒரு சொடுக்கும் பிசகாமல், அது படையை நகர்த்தியது. அது வென்றது வியூகத்தாலா, விரலில்லாத விரைவாலா? ஆய்வாளர் அம்மறுப்பை ஏற்று, ஐந்து விநாடிக்கு 22 செயல்களுக்கு மேல் ஆற்றலாகாது என்று அதற்கு வரம்பிட்டனர். வரம்பிட்ட பின்னரும், அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியான முடிவின்படி, தரவரிசையிலிருந்த மனித ஆட்டக்காரருள் நூற்றுக்கு 99.8 பேருக்கு மேலான இடத்தை அது பெற்றிருந்தது.