நாடா

பாவாடையில் கோப்பதும் நாடா, பாட்டைச் சுமந்ததும் நாடா. இந்தியில் இடுப்புக் கயிற்றுக்கு வழங்கும் சொல் தமிழுக்கு வந்து துணிப்பட்டையையும் குறித்தது. நெசவாளர்களோ தறியில் இழையோடு குறுக்கே ஓடும் கருவியை நாடா என்கிறார்கள். 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த காசெட்டுக்குள் இருந்த, 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத காந்தப் பட்டைக்கு ‘ஒலிநாடா’ என்ற பெயர் அழகாகப் பொருந்தியது.

செங்கல்பட்டிலிருந்து, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ இன் ஒன்னைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரம் போய், சிவப்புப் பொத்தானையும் ப்ளேயையும் சேர்த்து அழுத்தி, சிற்பக்கூடத்து உளிச் சத்தத்தைப் பிடித்து வந்தோம். நாடா சிக்கினால் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகிச் சுற்றுவோம். அதே காசெட்டின் மறுபக்கத்தில் பாட்டியின் குரல் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தால், பூஞ்சை பிடிக்குமுன் கணினியில் ஏற்றிவிடுங்கள்.