நுரைச்சோலையின் நன்னீரும் மக்கள் நலமும்

திருக்குறள் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்துப் பேசுகின்றது. நீரின் பெருமையை உணர்த்த இவ்வைப்பு முறையே போதியதாம். ஆயினும் நீர் உண்டு என்பது வேறு. அஞ்சாது பருகத்தக்க நீர் உண்டு என்பது வேறு. இவ்வேறுபாடு ஒரு மண்ணின் மக்களை எவ்வாறு வருத்தும் என்பதை, ஈழத்தின் மேற்குக் கரையிலுள்ள நுரைச்சோலையின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பே கற்பிட்டிக் குடாநாடு. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் அமைந்தது நுரைச்சோலை. யாழ்ப்பாணத்திற் போலவே இங்கும் கிணறே வாழ்வின் ஆதாரம். மாரி மழை மணலூடு இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் பாரம் குறைந்ததாதலின் இது நிகழ்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை அது நிலைக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே 40 அடி உவர் ஏறும் என்பது அக்கணக்கின் மறுபுறம்.

இக்கரை பழமை வாய்ந்தது. 1344இல் இபின் பதூதா புத்தளத்திற் கரையிறங்கினார். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். 'தமிழ் புளூராக்' இயற்றிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் கற்பிட்டியிலேயே. அக்காலத்து மீனவரும் வணிகரும் கையால் மொண்ட நீர் சிறிதே. மழை அதனை ஆண்டுதோறும் ஈடுசெய்தது.

நீர்க்குறைவு தாகத்தால் மட்டுமன்று, நோயாலும் கொல்லும் என்பதற்கு 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் சான்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அந்நோயை இலங்கை வென்றுவிட்டது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றும் பெற்றது. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு கேடு கற்பிட்டியின் கிணறுகளிற் புகுந்தது.

நீரிறைக்கும் இயந்திரமும் செயற்கை உரமும் வந்த பின்னர், இம்மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஆண்டு முழுதும் விளையலாயின. வறுமை நீங்கியது, அதனை மறுத்தல் நன்றியன்று. ஆனால் மணல் உரத்தைத் தாங்கி வைப்பதில்லை. பயிர் உண்ணாது விட்ட நைதரசன் நைத்திரேற்றாகி நிலநீரிற் கலக்கின்றது. அந்நீரே மீண்டும் இறைக்கப்படுகின்றது. தீவிரமாகப் பயிரிடப்பட்ட நிலங்களின் கீழுள்ள நீரில் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவை மிஞ்சியிருப்பதை 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

இதனால் முதலில் இடருறுபவர் கைக்குழந்தைகள். புட்டிப்பாலைக் கரைக்கும் நீரில் நைத்திரேற்று மிகுந்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, குழந்தையின் உடல் நீலம் பாயும். 1945இல் அமெரிக்க மருத்துவர் கொம்லி இத்தொடர்பை வெளிப்படுத்தினார். கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். தாயின் கவனமே குழந்தைக்குக் காவல் என்னும் நம் நம்பிக்கை இங்கே தோற்கின்றது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரமே. அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் ஓலைக் குடிசைகளில் தங்கினர். ஓரூர்க்குப் போதிய கிணறுகள் ஈரூர்க்குப் பங்காயின. மணல்நிலத்தில் மலக்குழியும் கிணறும் அருகருகே அமைந்தால் கழிவு நீரை எட்டத் தடையில்லை. தமக்கே குறைவாயிருந்ததைப் பகிர்ந்த இவ்வூர் மக்களின் பெருந்தன்மையும், வந்தவர் பட்ட இன்னலும் நாம் மறக்கலாகாதவை. அவர்கள் நம் அயலவர்.

பின்னர் நுரைச்சோலைக் கடற்கரையில் நிலக்கரி மின்னிலையம் எழுந்தது. முதற் பகுதி 2011இலும் முழு நிலையம் 2014இலும் இயங்கத் தொடங்கின. அதன் ஆற்றல் 900 மெகாவாற்று. நாடு முழுதும் நுரைச்சோலையின் பெயரை அறிந்தது. ஆனால் ஓரிடம் பிறர்க்குப் பயன்படுவதால் மட்டும் அவ்விடத்தார் நலம் பெறுவதில்லை. கனடாவின் வினிப்பெக் நகரம் 1919 முதல் சோல் ஏரியின் நீரைக் குழாய்வழி பெறுகின்றது. அவ்வேரிக் கரையின் முதுகுடியினரோ 1997 முதல் 2021 வரை நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டியவராயினர். தூரத்து நகரத்திற்குத் தூய நீர் சென்ற அதே ஏரிக்கரையில் இருபத்துநான்கு ஆண்டுக் காத்திருப்பு! நுரைச்சோலையின் நிலை முற்றும் அதுவன்று. எனினும் பாடம் ஒன்றே.

எனவே செய்யத்தக்கன யாவை? குடிநீர்க் கிணறுகளைக் காலந்தோறும் பரிசோதித்து, முடிவை உடையவர்க்கு அவர் மொழியிலேயே அறிவித்தல் முதலாவது. உரத்தைச் சிறிது சிறிதாகப் பயிரின் தேவையறிந்து இடுதல் இரண்டாவது. கருவுற்ற தாயரும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டியோ குழாய்நீரோ முந்தி வழங்குதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது பள்ளி ஆய்வுகூடங்களாலும் தொடங்கத்தக்கது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளிலும் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆராய்ச்சியாளர் காட்டியதே. ஆதலின் நுரைச்சோலையின் வரலாறு பிறரது வரலாறன்று. நிலத்தடி நீர் ஒருவர் கிணற்றோடு நிற்பதில்லை. ஒருவர் இட்டது மற்றவர் குவளையில் வந்து சேரும். அதனைக் காக்கும் கடமையும் எல்லார்க்கும் பொதுவே.